கடலுக்குக் கொடுத்த நைலான் வலை

நைலான் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அது எவ்வளவு உசத்தி என்று யாராவது அளக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆன பிறகு, ஐம்பதுகளின் கடைசியில், எங்கள் காரைக்கால்மேட்டுக்கு முதல் நைலான் வலை வந்தது. கும்பகோணத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த நான் லீவுக்கு வந்திருந்தேன். வலையைக் கொண்டுவந்தவர் ஒரு கம்பெனி ஏஜெண்ட். மடிப்புக் கலையாத சட்டை, தேன் ஒழுகும் பேச்சு.

"பருத்தி வலை மாதிரி இதைக் காயவைக்க வேணாம், மரப்பட்டைத் தண்ணியில போட்டு அவிக்க வேணாம். எத்தனை வருஷம் ஆனாலும் மக்காதுங்க."

மாமா, அதாவது என் அக்காவின் புருஷன், வலையை இழுத்து இழுத்துப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார். பருத்தி வலையோடு வாராவாரம் மல்லுக்கட்டிய மனுஷர். அவர் சந்தோஷத்தில் நான் தப்பு சொல்லமாட்டேன்.

"மக்காதுன்னா, கிழிஞ்சுபோனா அதை என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"வேற வாங்கிக்க வேண்டியதுதான் தம்பி."

தெருவே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தைக்கவே முடியாமல் நைந்துபோன வலையை யாரும் குப்பையில் போடுவதில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டி, ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் இறக்கிவிடுவார்கள். சோறு போட்ட வலை, கடலுக்கே போய்ச் சேரட்டும் என்பது எண்ணம். பருத்தி வலை அடுத்த மழைக்குள் சேற்றோடு சேறாகிவிடும். மறு வருஷம் மாமாவின் நைலான் வலை பாறையில் சிக்கித் தாறுமாறாகக் கிழிந்தது. மாமா அதற்கும் மஞ்சள் தெளித்தார், சூடம் காட்டினார், அதே இடத்தில் இறக்கினார்.

அந்த இடத்தில்தான் அக்கா இறால் தடவுவாள். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றுக்குள் விரல்விட்டுத் துழாவிப் பிடித்து, இடுப்பில் கட்டிய ஓலைப்பறியில் போடுவாள். கடலில் ஒன்றும் கிடைக்காத மாசங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது அவள் கையால்தான். ஒருநாள் சேற்றுக்குள் வலைக்கண்ணி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறி மோவாய்க்கு வந்துவிட்டது. கூட இருந்த பெண்கள் முங்கி, மீன் அரியும் கத்தியால் அறுத்து இழுத்துப் போட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் நூல் எலும்புவரை இறங்கியிருந்தது. புண் சீழ்வைத்து, வலது கைக் கட்டைவிரலையும் அடுத்ததையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

"நாந்தானே மாப்ளே எறக்குனேன்" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரா குற்றவாளி? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நைலான் எப்படிப் பிறக்கிறது என்று பாடத்தில் படித்திருந்தேன். ஓர் அமிலம், அமீன் என்கிற இன்னொரு ரசாயனம். சேர்த்துச் சூடாக்கினால் ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்துக்கொள்ளும், நடுவிலிருந்து தண்ணீர் மட்டும் பிரிந்துபோகும். அப்படியே கைகோத்து நீண்ட சங்கிலியாகும். அதை உருக்கி, பொடித் துளைகள் வழியாகத் தள்ளி இழுத்தால் நூல். அக்கா கையிலிருந்து அறுத்த துண்டைக் கல்லூரிக்கு எடுத்துப்போய்க் கடும் அமிலத்தில் கொதிக்கவைத்தேன். தண்ணீர் திரும்ப உள்ளே புகுந்து சங்கிலியை அறுத்தது. வலை கரைந்தே போனது. கரையக் கரைய எனக்கு ஆத்திரம் ஏறியது. அடப்பாவிகளா, கட்டத் தெரிந்தவர்களுக்கு அவிழ்க்கவும் தெரிந்துதானே இருக்கிறது! கிழிந்த வலையைத் திரும்ப வாங்கிப் பழையபடி மூலப்பொருளாக்கலாம். சங்கிலியில் அங்கங்கே, நாள்பட்டால் உப்புத் தண்ணீரில் தானே விட்டுப்போகிற பிடி ஒன்றை வைத்துச் செய்ய முடியுமா என்று பார்க்கலாம். அறுந்துவிடக் கூடாது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் ஒருவருக்காவது அதன் சாவைப் பற்றி யோசனை வந்ததா?

அடுத்த முறை ஏஜெண்ட் வந்தபோது அக்கா கையைக் காட்டி இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"கம்பெனிக்கு எழுதிப் பார்ப்போம் தம்பி" என்றார் நிதானமாக. "ஆனா ஒண்ணு பாருங்க, அவ்வளவு நாள் சேத்துல கெடந்தும் நூல் அறலையே. அதுதாங்க எங்க சரக்கு."

கை ஓங்கிவிட்டேன். மாமா பிடித்து நிறுத்தினார். பிடித்தவர், தலை குனிந்தபடி, அதே ஆளிடம் புது நைலான் வலைக்குச் சொல்லிவைத்தார். அக்கா பக்கத்திலேயே நின்றாள், அவரைத் தடுக்கவில்லை. நைலான் அள்ளுகிற மீனைப் பருத்தி அள்ளாது. கடலில் குறைவதை ஆற்றில் தடவி எடுக்க அவளுக்கு இனிமேல் விரல் இல்லை.