எலோதியா என்கிற எல்லி பென்

என் நாத்தனார் எலோதியா பெனாவிதெஸ் பாடியதை முதன்முதலாகக் கேட்ட நாளில் எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. என் சித்தப்பா மகளின் கல்யாணம். மெக்சிகோ எல்லைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் சான் மார்ஷியலில், பருத்திக் காட்டை ஒட்டிய சிமெண்டுத் தளத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடையில் அக்கார்டியன் வாசித்த பையன்மேல் எனக்கு ஒரு கண். வேண்டுமென்றே அவன் எதிரில் போவதும் வருவதுமாக இருந்தேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் பாடிய பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காதலி போலிருக்கிறது என்று வெறுத்துப்போய் வந்து உட்கார்ந்தேன். அது தங்கை என்று பிறகுதான் தெரிந்தது. அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று பார்த்தால்தான் அவனால் தன் குரலை அவள் குரலோடு சேர்க்க முடியும்.

அந்தப் பையன் பெயர் சில்வேரியோ. அடுத்த வருஷம் என்னைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்துப் பாட்டுக்கு இரண்டு குரல் வேண்டும். ஒன்று பாட்டைத் தூக்கிக்கொண்டு போகும். மற்றது அதற்கு ஒரு படி கீழே கூடவே நடந்து வரும். எலோதியா முதல் குரல், அண்ணன் இரண்டாம் குரல். இவர்களுடைய சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டதால் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில்லில் சேர்ந்திருந்தார். வாரக் கடைசியில் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு ஆலிஸ், கிங்ஸ்வில் என்று பக்கத்து ஊர்களுக்கு இருவரும் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் என் மாமியார் காசிமிரா, இவர்கள் திரும்பும் வரை ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எலோதியா மட்டும் எட்டாவது வரை படித்தாள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஸ்பானிஷ் பேசக்கூடாது. பேசினால் உள்ளங்கையில் அடி. அதனால் அவள் அங்கே வாயைத் திறக்கவே மாட்டாள். இங்கிலீஷை அவள் கற்றது ரேடியோவில்தான். மத்தியானம் ஒரு நிலையத்தில் வெள்ளைக்காரர்களின் கிராமத்துப் பாட்டு, கன்ட்ரி பாட்டு என்பார்களே, அதைப் போடுவார்கள். அம்மாவோடு துணி துவைத்துக்கொண்டே அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டாள். அர்த்தம் பாதி தெரியாது.

“ஒரு பாட்டை ரொம்ப நாளா குதிரையப் பத்தினதுன்னே நெனச்சுப் பாடிட்டு இருந்தேன் அண்ணி” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். “குதிரை ஓடிப்போச்சேன்னு கண்ணுல தண்ணி வர்ற மாதிரி பாடுவேன். அப்புறம் பாத்தா, ஓடிப்போனது புருஷனாம்.”

அந்தப் பாட்டுகளையே அண்ணனின் அக்கார்டியனோடு சேர்த்து ஆட்டத்தளங்களில் பாட ஆரம்பித்தாள். முதல் இரண்டு அடி இங்கிலீஷில், கடைசி அடி ஸ்பானிஷில். கிழவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இளவட்டங்கள் மறுபடி பாடு, மறுபடி பாடு என்று தரையை உதைத்தார்கள். அப்படித்தான் அவள் பெயர் ஹூஸ்டன் வரை போய், மெர்ல் டாகெட் என்கிற இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் எங்கள் வீடு தேடி வந்தார்.

அவர் தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. என் மாமியார் அவர் முன்னால் பீன்ஸும் சூடான தோர்த்தியா ரொட்டியும் வைத்தார். எங்கள் நால்வரில் அவருடைய இங்கிலீஷ் முழுதாகப் புரிந்தது எலோதியாவுக்கு மட்டும்தான். அவர் பேசப் பேச அவள் முகம் வெளுத்தது.

“என்னடி சொல்றாரு?” என்றார் மாமியார்.

“என்னைக் கூப்பிடுறாரு. நாஷ்வில்லுக்கு. கன்ட்ரி பாட்டெல்லாம் அங்கதான் தட்டுல பதியறாங்களாம், என்னையும் பதியணுமாம்.”

“உன் அண்ணனையுந்தானே?”

அவள் அதை டாகெட்டிடம் இங்கிலீஷில் கேட்டாள். டாகெட் சில்வேரியோவைப் பார்த்து, விரல்களால் காற்றில் அக்கார்டியன் வாசிப்பதுபோல் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டிச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. புரியவைப்பதாக நினைத்துத்தான் செய்தார். சில்வேரியோ அவரோடு சேர்ந்து தானும் சிரித்தார். ஒருவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாகெட் போன பிறகு எலோதியா அண்ணன் எதிரில் வந்து நின்றாள். “நீ போகாதேன்னு சொல்லு அண்ணே. நான் போகல.”

“நான் எதுக்குச் சொல்லணும்? நாளைக்கு உன் பிள்ளை குட்டிங்க கிட்ட, அண்ணன் விடலைன்னு கதை சொல்றதுக்கா? போ. நல்லா பாடு.”

“நீ இல்லாம எப்படிப் பாடறது?”

“மூச்சை வயித்துலேர்ந்து எடு. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

அவள் போனாள். அங்கே அவளுக்கு எல்லி பென் என்று பெயர் வைத்தார்கள். தட்டின் அட்டையில் முடியைச் செம்பட்டையாக்கி, வேலி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பாட்டு நன்றாகத்தான் ஓடியது. ஓக்லஹோமா, கான்சஸ் என்று ஊர் ஊராகப் போனாள். எங்கள் ஊர் மில்லில்கூட அந்தப் பாட்டு ரேடியோவில் வரும். கூட வேலை செய்தவர்கள் சும்மா இருப்பார்களா?

“டேய் சில்வேரியோ, உன் தங்கச்சி எப்படா வெள்ளைக்காரி ஆனா?”

“எங்களுக்கும் ஒரு பேரு வெச்சுத் தரச் சொல்லுடா. மேனேஜர் கொஞ்சம் மரியாதையா நடத்துவான்.”

இவர் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தும் சொல்லமாட்டார். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். அம்மா பேசுவார், நான் பேசுவேன். மணி அடிக்கும்போதே இவர் முற்றத்துக்குப் போய் கோழிகளுக்கு மறுபடியும் தீனி போட்டுக்கொண்டிருப்பார். அக்கார்டியன் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. வேறு பாடகிகள் கூப்பிட்டார்கள். யாரோடும் வாசிக்கப் போகவில்லை.

ஒரு அக்டோபரில் பருத்தி வந்து குவிந்திருந்த நேரம், இயந்திரத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டது. அதை எடுக்கக் கையை விட்டார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

நான்தான் எலோதியாவுக்குப் போன் செய்தேன். கச்சேரியைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் பிடித்து வந்தாள். மேடைக்குப் போட்ட உடுப்பு, ஜரிகை வைத்த சட்டை எல்லாம் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“அண்ணே.”

“கச்சேரி இல்லையா இன்னிக்கு?”

“விட்டுட்டு வந்துட்டேன்.”

“எதுக்கு? நீ பாடினா விரல் முளைச்சுடுமா?” திரும்பவே இல்லை. “போ எல்லி. ஜனங்க காத்திருப்பாங்க.”

அதுவரை அவர் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. அவள் விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள். வெளியே வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “இனி ஒத்தக் கையாலதான் சாப்பிடணும், அவருக்குக் கறி நறுக்கிக் கொடுங்க அண்ணி. வேணாம்னுவாரு. நறுக்கியே வெச்சுடுங்க” என்றாள்.

அடுத்த வருஷம் டல்சா நகரத்தில் ஒரு பெரிய மண்டபம். அங்கே நடந்ததை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவளுடைய பெயர்போன பாட்டில் ஓரிடத்தில் அண்ணன் குரல் வரவேண்டும். தட்டில் அங்கே வயலின் போட்டிருந்தார்கள். “தெனமும் அந்த எடம் வரும்போது பல்லு கூசும் அண்ணி. அன்னிக்கு என்னால முடியல. வயலின்காரரைக் கையமர்த்திட்டு, அந்த எடத்துல நின்னு, மிச்சத்த நம்ம பாஷையில பாடிட்டேன்.”

“ஜனங்க என்ன பண்ணாங்க?”

“ஒண்ணுமே பண்ணலையே. கை தட்டல, கத்தல. கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க. பின்னாடி யாரோ ஒருத்தன் மட்டும், ‘மெக்சிகோவுக்கே போயிடு’ன்னான். நான் பொறந்தது இங்க நூவேசஸ் ஆத்தங்கரையில, மெக்சிகோவுல இல்ல. அவன் தாத்தா கப்பல் ஏறதுக்கு முன்னாடியே எங்க தாத்தா இங்க மாடு மேய்ச்சவரு. அதெல்லாம் மைக்குல சொல்ல முடியுமா? குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு வந்துட்டேன்.”

டாகெட் கத்தினார். அவள் மறுநாளும் அப்படியே பாடினாள். அதற்கடுத்த ஊரிலும் பாடினாள். புதுத் தட்டு போடுவதை நிறுத்தினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பெட்டியோடு சான் மார்ஷியலுக்கு வந்து சேர்ந்தாள்.

இங்கே மட்டும் சுலபமா? ஆட்டத்தளத்தில் வேறு குழுவோடு நின்று பாடினால், “எல்லி மேடத்துக்கு நம்ம பாட்டு ஞாபகம் இருக்கா?” என்று கீழேயிருந்து குரல் வரும். அவள் சிரித்துக்கொண்டே, “உன் மூஞ்சியே ஞாபகம் இருக்கே ராசா, பாட்டு மறக்குமா?” என்பாள். கூட்டம் சிரிக்கும். ஆனால் சொந்த அண்ணன் மூன்று தெரு தள்ளி இருந்தும் வந்து கேட்கவில்லை. மில்லில் காவல் வேலை கொடுத்திருந்தார்கள். வாசல் அறையில் உட்கார்ந்து லாரி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக்கு வந்தால் எழுந்து போய்விடுவார்.

பிறகு மாமியார் படுத்த படுக்கையானார். எலோதியா தினமும் மத்தியானம் வந்து அவரைக் குளிப்பாட்டி, தலைவாரிவிடுவாள். அவருக்குக் காது மந்தம். அப்படியும், “ஏதாவது பாடேண்டி” என்று நச்சரிப்பார். அன்று சில்வேரியோ பக்கத்து அறையில் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். எலோதியா அம்மாவுக்காக ஒரு பழைய பாட்டை எடுத்தாள், பயிர் காய்ந்து ஊரைவிட்டுப் போகிறவனைப் பற்றியது. முதல் அடி முடிந்தது. சுத்தியல் சத்தம் நின்றது. இரண்டாவது அடியின் நடுவில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கீழ்க்குரல் வந்தது.

கரகரவென்று இருந்தது. இத்தனை வருஷம் பாடாமலே கிடந்த குரல் அல்லவா? எலோதியா சீப்பை அப்படியே பிடித்துக்கொண்டு பாடினாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. ஆடினால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயந்தாளாம்.

“ரெண்டு பேரும் சத்தமாப் பாடுங்க. ஒண்ணும் கேக்கல” என்றார் மாமியார்.

பாட்டு முடிந்ததும் சில்வேரியோ வாசற்படியில் வந்து நின்றார். வாயில் இரண்டு ஆணி இருந்தது. எடுத்துவிட்டுச் சொன்னார்: “மூணாவது அடியில தப்பான எடத்துல மூச்சு வாங்கற. அமெரிக்கா பூரா சுத்தியும் அது போகல.”

“சொல்றதுக்கு ஆள் இல்லையே அண்ணே” என்றாள்.

மன்னிப்பு என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் அவள் வந்தபோது அவர் வெளியே போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மாமியாரை அடக்கம் செய்து துக்கம் கழிந்த பிறகு, இருவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள். அக்கார்டியனுக்கு வேறு ஆள் வைத்தார்கள். சில்வேரியோ கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தங்கையின் வாயைப் பார்த்துக்கொண்டு பாடுவார். கன்ட்ரி பாட்டும் எங்கள் பாட்டும் கலந்து, இரண்டு மொழியிலும் போட்ட தட்டு ஒன்று கார்பஸ் கிறிஸ்டியில் ஒரு சின்ன இடத்தில் பதிவானது. நாஷ்வில்லுக்கு அது எட்டவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அது ஒலிக்காத கல்யாணம் கிடையாது. அட்டையில் என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது அவள் எலோதியா என்றுதான் சொன்னாள். இவர்தான், “எல்லி பென்னும் போடுங்க. அந்தப் பேரும் அவ பாடிச் சம்பாதிச்சதுதான்” என்றார்.

பன்னிரண்டு வருஷம் போலப் பாடினார்கள். பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். குரல் போய்விட்டது. காற்று மாதிரி ஒரு முனகல்தான் மிச்சம். அவள் அதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் வீட்டில் ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்தாள். வெளியே எங்கும் வருவதில்லை.

சில மாதம் பொறுத்துப் பார்த்த சில்வேரியோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை அவள் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். “ஆட்டத்துக்குப் போறோம். கிளம்பு.” அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். “பாடக் கூப்பிடல. ஆடக் கூப்பிடறேன்” என்றார்.

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது: எலோதியா ஒருநாளும் ஆடியதில்லை. பதினான்கு வயதிலிருந்து மேடையிலேயே நின்றவள். ஊரே அவள் பாட்டுக்குச் சுற்றியது, அவளுக்குக் கால் எடுத்து வைக்கத் தெரியாது.

தளத்தில் அண்ணன் தன் ஊனமான கையை அவள் முதுகில் வைத்துக் கூட்டிப் போனார். அவள் அவர் காலை மிதித்தாள், மறுபடி மிதித்தாள். “மாடு மேய்ச்ச வம்சம்னு சொன்னப்ப நான் நம்பல. இப்ப நம்பறேன்” என்றார். சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். யாரும் கை தட்டவில்லை, அவளைச் சுற்றி அவரவர் பாட்டுக்கு ஆடினார்கள்.

அதன் பிறகு ஞாயிறு தவறியதில்லை. விதவைகள், பேரப்பிள்ளைகள், மில்லில் இவரைக் கேலி செய்த கிழவர்கள், எல்லோரும் அவளோடு ஒரு சுற்று ஆடினார்கள். அவள் போட்டுப்போட்டு ஒரு ஜோடி செருப்பே தேய்ந்துபோனது. மூன்றாம் வருஷம் நோய் திரும்பி வந்தது. பிப்ரவரியில் ஒரு காலை, நான் கஞ்சி கொண்டுபோனபோது, அண்ணனின் கையைப் பிடித்தபடியே அவள் உயிர் போயிருந்தது. அவர் என்னைப் பார்த்து, “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் எர்மீனியா” என்றார். நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.