குதிரை முதுகில் என் அண்ணன்

என் அண்ணன் குதிரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து செல்போன் நோண்டிக்கொண்டிருக்கும் ஒருவரை அதே கோலத்தில் தூக்கி ஒரு பெண்குதிரையின் மேல் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருப்பார். நெஞ்சு உள்ளே போயிருக்கும். வயிறு வெளியே வந்து தொடையில் படுத்திருக்கும். குதிகால் மேலே தூக்கியிருக்கும். விழாமல் இருப்பதற்காகக் கடிவாள வாரை, டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது போலப் பிடித்துத் தொங்குவார். அந்தக் கனம் முழுவதும் குதிரையின் வாயில் இறங்கும். அது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பைத்தியம் பிடிக்கும். கொஞ்ச நாள் எல்லோரும் ஷட்டில் ஆடினார்கள். பிறகு எல்லோரும் இறுக்கமான டிரவுசர் போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டில் சைக்கிள் ஓட்டினார்கள். இப்போது குதிரை. குன்னத்தூர் போகிற வழியில் யாரோ ஒருவர் தென்னந்தோப்பை வெட்டி, மணல் கொட்டி, சுற்றிலும் வெள்ளைக் கம்பி வேலி போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கார்கள் வரிசையாக நிற்கும். முழங்கால் வரை பூட்ஸ், தலையில் ஹெல்மெட், கையில் ஒரு சின்னச் சாட்டை. ஒரு சுற்று வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், இறங்கி இட்லி தின்பார்கள். வீடு திரும்பியதும் ஸ்டேட்டஸ் வைப்பார்கள்.

எங்கள் வீட்டுக்குள் குதிரை வந்தது ஆர்டர் வழியாக. குதிரை ஓட்டுகிறவர்கள் போடும் லெக்கிங்ஸ் வேண்டும் என்று எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் கேட்டிருந்தார். நன்றாக இழுபடும் துணி, முழங்கால் உட்புறத்தில் வழுக்காமல் பிடிப்பதற்குச் சிலிகான் புள்ளிகள். எங்கள் கம்பெனியில் மாதிரி உடுப்பு தைக்கும் சாம்பிள் ரூம் என் பொறுப்பு. அண்ணன் கம்பெனியின் முகம், நான் அதன் கை என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்டர் வந்த வாரமே அண்ணன் தங்கையான என்னிடம் அறிவித்துவிட்டார்.

"பொருளைத் தெரிஞ்சுக்கோணும்னா போட்டுப் பாக்கோணும் அம்மிணி. நான் குதிரை வாங்கப் போறேன்."

இத்தனை வருஷமாகக் கைக்குழந்தைகளுக்கு நைட் டிரெஸ் தைத்து அனுப்பியிருக்கிறோம். அப்போதெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

ஆடி மாசம் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு சாம்பல் நிறக் குதிரையை வாங்கி வந்தார். காதுகள் இரண்டும் நுனியில் உள்பக்கமாக வளைந்து, ஒன்றை ஒன்று தொடப் பார்க்கும். யாராவது பேசினால் பேசுகிறவர் பக்கம் ஒரு காது திரும்பும். எங்கள் குடும்பத்தில் பேசுகிறவர் பக்கம் காதைத் திருப்பிய முதல் ஜீவன் அதுதான். எனக்கு உடனே பிடித்துப்போனது, மறைக்க ஒன்றுமில்லை.

"லேடீஸ் சைசுக்கு நீயே ஏறிப் பாத்துரு. அதுக்கு வெளியாள் எதுக்கு?" என்றார் அண்ணன்.

"சரிங்ணா" என்றேன்.

நானும் மகாராணி மாதிரி ஒன்றும் உட்காரவில்லை. செக்கிங் டேபிள் மேல் குனிந்து குனிந்தே பாதி ஆயுசு போன உடம்பு. முதல் நாள் துள்ளுநடையில் நான் குதித்த குதிப்பில் பல் எல்லாம் ஆடியது. ஆனால் நான் குதித்தது என்னால்தான் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு அந்த வியாதி கிடையாது. அவர் குதித்தால் காரணம் துணி.

"கிரிப் பத்தல" என்றார். பிரிண்டிங் யூனிட்டுக்கு போன் போட்டார். முழங்காலில் மட்டும் இருந்த சிலிகான் தொடைக்கு ஏறியது. அதுவும் பத்தாமல் உட்காரும் இடம் முழுக்கப் பரவியது. கடைசியில் புள்ளிகளே இல்லாமல், பின்பக்கம் மொத்தமும் ஒரே பட்டையாகச் சிலிகான் அடித்து, தனக்கென்று ஒரு லெக்கிங்ஸ் தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். திருப்பூர்க்காரனுக்கு உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் துணியில்தான் தீர்வு. லைக்ரா கூட்டு, பிரிண்ட் கூட்டு, ஒரு தையல் கூடப் போடு. வயிற்றைக் குறைத்து முதுகை நிமிர்த்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மனுஷனல்லவா மாற வேண்டும்?

சிலிகான் வேலை செய்தது. அண்ணன் வழுக்கவில்லை. சேணத்தோடு ஒட்டிக்கொண்டார். அதாவது கீழ்ப்பாதி ஒட்டிக்கொண்டது, மேல்பாதி பழையபடி முன்னும் பின்னும் ஆடியது. அவர் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சேணம் குதிரையின் முதுகைத் தேய்த்தது. அங்கே பயிற்சி கொடுக்கிற கோச், கூலிங் கிளாஸைத் தலையில் மாட்டியிருக்கும் ஒரு மனிதர், வேலி ஓரம் நின்றுகொண்டு, "சூப்பர்ங் சார்! அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க சார்!" என்று கத்துவார். அவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் பாடத்திட்டம்.

ஒரு நாள் நான் ஏறுவதற்காகச் சேணத்தை வைத்தபோது குதிரை முதுகைக் கீழே அமுக்கி விலகியது. சேணத்தையும் அதன் அடித்துணியையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, ஓரிடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டு டாக்டரை வரவழைத்தேன். அவர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "யாருங்க இதுமேல உக்காருறது?" என்பதுதான். பிறகு, "ஆறுற வரைக்கும் சேணமே வெக்கக் கூடாதுங்க" என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் வருத்தப்படுவார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"ஃபால்ட் பீசைத் தலைல கட்டிட்டானுங்க. முதுகே ஸ்ட்ராங் இல்ல பாரு. வர்ற ஆடிக்கு அந்தியூருக்கே கொண்டுபோய்த் தள்ளி உட்டரலாம். ஊர்வலத்துக்காரனுக எடுத்துக்குவானுங்க."

ஊர்வலம் என்றால் கல்யாண ஊர்வலம். காதுக்குப் பக்கத்தில் பேண்டு செட்டு, காலுக்கடியில் வெடி, மேலே வேர்த்து வழியும் மாப்பிள்ளை. புண்ணை மூடி ஜிகினாத் துணி போர்த்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பேசுகிறவர் பக்கம் திரும்புகிற அந்தக் காதுகளை நினைத்துப் பார்த்தேன்.

"ஆடி வரைக்கும் நான் பாத்துக்கறனுங்ணா. சரியாயிருச்சுன்னா விக்க வேண்டாம்" என்றேன்.

"உன்ற ஆசையை நான் எதுக்குக் கெடுக்கோணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன். பொம்மை கேட்கிற குழந்தைக்குக் கொடுக்கிற சிரிப்பு.

புண்ணுக்கு மருந்து போடுவதும், சேணமில்லாமல் வெறுமனே நடத்திக் கூட்டிப் போவதும் சுலபம். புண் ஆறிய பிறகு அந்த முதுகில் எப்படி உட்காருவது என்பதுதான் கேள்வி. எனக்குப் பாதி வழி என் சொந்த முதுகு வலியாலேயே திறந்தது. அதற்காக ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போய்க்கொண்டிருந்தேன். அவள் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, மல்லாக்கப் போட்டு, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "முதுகுல ஒண்ணும் இல்லீங்க்கா. உங்க வயிறு வேலையே செய்யறதில்ல. அதோட வேலையையும் சேத்து முதுகே செய்யுது, அதான் வலிக்குது" என்றாள். எங்கள் கம்பெனியை நேரில் பார்த்தது போல அவ்வளவு சரியாகச் சொன்னாள்.

அவள் கொடுத்த பயிற்சிகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது, மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்குவது. நடுநடுவே உயிர் போய் உயிர் வரும். அதோடு நானே ஒன்று கண்டுபிடித்தேன். குடோனில் துணி ரோல்களைக் கீழே அடுக்கி, அவற்றின் மேல் ஒரு ரோலைக் குறுக்கே போட்டு, இருபுறமும் கால் தொங்க உட்கார்ந்தேன். நேராக உட்கார்ந்தால் ரோல் நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் உருண்டு தள்ளிவிடும். என்னை எப்போதும் வலது பக்கமே தள்ளியது. வருஷக்கணக்காக வலது கையால் கத்திரி பிடித்து வலப்பக்கமே சாய்ந்த உடம்பு நான் என்பது அப்போதுதான் தெரிந்தது. ரோல் எடுக்க வந்த பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு ரோலை எடுக்காமலே திரும்பிப் போனார்கள். மேடத்துக்கு மூளை குழம்பிவிட்டது என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் ஏறலாம் என்று சொன்ன பிறகு, யாரும் வராத வார நாள் காலையில் போவேன். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில். வயிறு மெல்லப் பிடித்திருக்க வேண்டும், மூச்சு நிற்கக் கூடாது, தோளை இறுக்கக் கூடாது. சொல்வதற்கு எளிது. தோளைத் தளர்த்தினால் வயிறு மறந்துபோகும், வயிற்றை நினைத்தால் மூச்சு நின்றுபோகும். ஆனால் குதிரை பொய் சொல்லாது. நான் சரிந்தால் உடனே தலையைத் தூக்கி முதுகை விறைக்கும். நான் நடுவில் வந்தால் கழுத்தை இறக்கி, மூக்கால் ஒரு பெரிய மூச்சு விடும். அந்த மூச்சுக்காகவே நான் உடம்பை மாற்றினேன். துள்ளுநடையில் முதன்முதலாகக் குதிக்காமல் ஒரு சுற்று வந்த காலையில், வேலி ஓரம் யாருமில்லை. சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷம்தான்.

ஆடி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் பரிவாரத்தோடு வந்தார். நூல் மில்காரர் ஒருவர், சாயப்பட்டறைக்காரர் ஒருவர், பின்னால் கோச். நான் வேண்டுமென்றே அவர்கள் வரும் நேரத்துக்கு ஏறியிருந்தேன். சாதாரண டிராக் பேன்ட்தான் போட்டிருந்தேன், அதில் ஒரு சொட்டுச் சிலிகான் கிடையாது. குதிரை அன்றைக்குக் காற்று மாதிரி போனது. என்னைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தது. இனிமேல் விற்க மாட்டார் என்று எனக்கு உறுதியானது.

விற்கவும் இல்லை. நடந்தது அதைவிட மோசம்.

"பாத்தீங்களா, எங்க சிலிகான் பிரிண்டு எப்படி நிக்குதுன்னு!" என்று நண்பர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "குதிரை நல்லா செட் ஆயிருச்சு அம்மிணி. அந்தியூரெல்லாம் வேண்டாம். எறங்கு, நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

ஒட்டுகிற லெக்கிங்ஸைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார். கோச் ஏறுவதற்கான ஸ்டூலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை மாசமாக நான் இந்தக் குதிரையைக் காப்பாற்றவில்லை. இவர் மறுபடி உட்கார்வதற்கு முதுகைத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன்.

"இல்லீங்ணா. நான் எறங்கலை" என்றேன்.

தன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து இன்னும் பக்கத்தில் வந்தார். "என்ன?"

"நீங்க இனி இதுமேல ஏறக் கூடாதுங்ணா. மறுபடியும் புண்ணாயிரும்."

"என்ற குதிரை அம்மிணி இது."

"குதிரை உங்களுதுதானுங்ணா. நீங்க உக்காருற லட்சணத்துக்கு அது முதுகு தாங்காது."

மில்காரர் இருமினார். கோச் ஸ்டூலைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். அண்ணனின் முகம் சிவந்தது. "அப்ப அந்தியூருக்கே போவட்டும். நாளைக்கே வண்டி சொல்றேன்."

"சொல்லுங்க. நாளைலிருந்து சாம்பிள் ரூமுக்கு ஆளும் சேத்துப் பாத்துக்குங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மேலே இருந்ததால் நிமிர வேண்டியிருந்தது. மெலிந்த முடியை வாரி மறைத்திருந்த வழுக்கை மேலிருந்து பளிச்சென்று தெரிந்தது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அவர் மனசுக்குள் கணக்குப் போடுவதும் தெரிந்தது. பையர் வரப் போகிறார், பேட்டர்ன் எல்லாம் என் தலையில்.

நண்பர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்ற தங்கச்சிக்குக் குதிரைப் பைத்தியம் புடிச்சிருச்சுங்க. சரி, வாங்க, டிபன் ஆறிப்போவுது." டிபன் வைத்திருந்த கூடாரத்தின் பக்கம் நடந்தார். பின்னால் இருந்து பார்க்க, நல்ல வெயிலில் அவருடைய சிலிகான் பட்டை பளபளத்தது.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. கை நடுங்கியது. அந்த நடுக்கம் கடிவாள வார் வழியாகக் குதிரையின் வாய்க்குப் போய், நடக்கச் சொல்லியும் அது நகரவில்லை. ஒரு காதை என் பக்கம் திருப்பியது. மனுஷர்களிடம் மறைக்கலாம், இதனிடம் எதையும் மறைக்க முடியாது. வயிற்றைப் பிடித்தேன், மூச்சை விட்டேன், தோளை இறக்கினேன். நடுக்கம் நிற்கவில்லை. அதோடேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். குதிரை நடந்தது.