பெயின்ற் அடிக்காத ஒட்டு

போன வருடம் மாரி வெள்ளம் வடிந்து, கடல் கொஞ்சம் அடங்கத் தொடங்கிய நாட்களில், பெரியகல்லாற்று முகத்துவாரத்தில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் சாமான்களை எண்ணி வாங்குவதும் எண்ணிக் கொடுப்பதுமாக வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கடையில் எண்ணி வாங்கிய முட்டையை வீட்டில் திரும்பவும் எண்ணுவேன். ஓய்வுபெற்றபோது கிடைத்த காசில் மருமகனுக்கு ஒரு பைபர் படகும் எஞ்சினும் எடுத்துக் கொடுத்தேன். மீன் பிடிப்பது அவர், கவலைப்படுவது நான்.

எஞ்சினின் அடியில் தண்ணீருக்குள் சுழலும் விசிறி தேய்ந்து போனதால், நகரத்தில் எஞ்சின் சாமான் விற்கும் ஒருவரிடம் இன்னொன்று வாங்கினோம். டொலர் ஏறிய பிறகு புத்தம் புதியதன் விலையைக் கேட்கவே பயம். "பாவிச்சதுதான் ஐயா, ஆனா புதுசு மாதிரி" என்றார். மூன்று இதழும் கறுப்புப் பெயின்றில் பளபளத்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை.

அதைப் பூட்டிய முதல் நாள் நானும் படகில் ஏறினேன். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை.

"மாமா, கடலுக்குள்ள எண்ணுறதுக்கு அலையத் தவிர ஒண்டுமில்ல."

"அப்ப அலைய எண்ணுறன். நீ ஓட்டு" என்றேன்.

முகத்துவாரத்தில் மணல் திட்டைத் தாண்டும் இடத்தில்தான் அலை எழும்பி உடையும். அந்த இடத்தில் எஞ்சின் பலமாக இருக்க வேண்டும். சரியாக அங்கே, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். எஞ்சின் வெறி பிடித்தது போல் உதறியது. மருமகன் அதை நிறுத்தினார். படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. முதல் அலை நனைத்தது. இரண்டாவது, படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீரைக் கொண்டுவந்தது. மூன்றாவதை நான் எண்ணவில்லை. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மகளின் முகத்தைத்தான் நினைத்தேன்.

எங்களுக்கு முன்னே போய்க்கொண்டிருந்த ஒரு சிறிய படகு திரும்பி வந்தது. அதில் ஒருவர் தனியாக இருந்தார். கயிற்றை எறிந்து, எங்களை இழுத்துக்கொண்டு வாவிக்குள் கொண்டுவந்து விட்டார். அதற்கு முன் அவரை நான் கண்டதே இல்லை. என்ன தரவேண்டும் என்று கேட்டேன்.

"கயித்த மட்டும் தாங்க ஐயா. அது எண்ட" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கரையில் எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால், மூன்று இதழில் ஒன்று பாதியாகிக் கிடந்தது. முறிந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் புது வெள்ளையாக மின்னியது. மிச்சமெல்லாம் பழைய கறுப்பு முறிவு. நகத்தால் சுரண்டினேன், முறிவை மறைக்கப் பூசியிருந்த பட்டிப் பசை உதிர்ந்தது. ஏற்கெனவே முறிந்ததை அரைகுறையாக ஒட்டி, பட்டி பூசி, பெயின்ற் அடித்து விற்றிருக்கிறார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு, வாங்கிய கடைக்குப் போனேன்.

"பாத்துத்தானே வாங்கின நீங்க?" என்றார் கடைக்காரர். "ஒட்டு இரிக்கா எண்டு நீங்க கேக்கயுமில்ல, நான் சொல்லயுமில்ல."

கத்தினேன். ஆட்கள் கூடினார்கள். ஒருவர், "வயசு போன மனிசன், பிறசர் கூடிரும், ஆராவது கூட்டிப் போங்க" என்றார். அதற்கும் சேர்த்துக் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மகளின் காப்பை அடகு வைத்து மருமகன் புது விசிறி ஒன்று வாங்கினார். முறிந்தது கிணற்றடியில் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து மருமகன் மெதுவாகத் தொடங்கினார். "மாமா, இத ஒட்டிப் பெயின்ற் அடிச்சா வித்துரலாம். காப்புக்கு வட்டி கட்டவாவது காணும். நமக்குத் தந்த மாதிரித்தானே நாமளும் குடுக்கப் போறம்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அந்த அலைக்குள்ள இன்னொருத்தன் நிக்கோணுமா?"

"சாமானத்தானே மாமா விக்கிறம், ஆளையா விக்கிறம்?"

திருத்துவதில்லை என்று தீர்மானித்தேன். யாரும் ஒட்டவே முடியாதபடி அடித்து நொறுக்கி பழைய இரும்புக்காரனிடம் போடுவது. அடுத்த நாள் காலை சுத்தியலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முதல் அடியை ஓங்கியபோது வாசல் படலையில் ஒரு குரல்.

"ஐயா, ஒடைக்காதீங்க. அத எனக்குத் தாங்க."

எங்களை இழுத்து வந்தவர், வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். முறிந்த இடத்தை அவருக்குக் காட்டினேன். ஒட்டினாலும் திரும்ப இதே இடத்தில்தான் போகும் என்றேன்.

"தெரியும். ஒங்கள இழுத்துக்கொண்டு வந்ததே நான்தானே."

"தெரிஞ்சுமா கேக்கிற?"

"தெரியாம வாங்கினாத்தான் ஐயா ஏமாத்து. தெரிஞ்சு வாங்கினா அது சாமான். எண்ட விசிறி சவுக்காரம் மாதிரித் தேஞ்சு போச்சு. ஒங்கள இழுத்த அடுத்த நாளிலயிருந்து கரையிலதான் நிக்கிறன். புதுசுக்கு நான் எங்க போற?"

முடியாது என்றேன். அவரும் குரலை உயர்த்தினார். "ஒங்களுக்குப் புதுசு வாங்க ஏலும், அதால பழச ஒடைக்க மனம் வருது."

குசினிக்குள் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்க, உசிரக் காப்பாத்தின மனிசனோட என்னத்துக்குச் சண்டை?"

சுத்தியல் கையிலேயே இருந்தது. உடைத்தால் அவர் வீட்டு அடுப்பு எரியாது. உடைக்காவிட்டால் அந்த அலைக்குள் அவர் தனியாக நிற்கக்கூடும். மருமகனின் புது விசிறியைக் கழற்றிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

கடைசியில் இரண்டு பேருமாகக் களுவாஞ்சிகுடிக்குப் போய் ஒரு வெல்டிங் கடையில் கொடுத்தோம். இந்த முறை முறிவைச் சுத்தமாக அராவி, வேறொரு பழைய விசிறியின் துண்டை வைத்து ஆழமாக ஒட்டினார்கள். வேலை முடிந்து வெல்டிங் கடைக்காரர் பெயின்ற் பேணியைத் திறந்ததும் அவர் கையைப் பிடித்தேன்.

"பெயின்ற் வேணாம்."

"பாக்க வடிவா இரிக்காதே ஐயா?"

"வடிவா இருந்த சாமானாலதான் நான் சாகப் பாத்த."

தையல் போட்ட காயம் போல ஒட்டு வெளியே தெரிந்தது. எங்களை இழுத்து வந்தவரிடம், விசிறிக்குக் காசு வேண்டாம், ஒரே ஒரு நிபந்தனை என்றேன். எங்கள் பக்கம் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். "ஆத்துக்குள்ள மட்டும் ஓடு தம்பி. முகத்துவாரம் தாண்டக் கூடாது."

"ஓம் ஐயா" என்றார். பக்கத்தில் நின்ற வெல்டிங் கடைக்காரர் சிரித்தார்; ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு கிழமை ஆகவில்லை. காலையில் கடற்கரையில் நடந்துபோனபோது அவர் படகு முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே போவதைக் கண்டேன். தலை முதல் கால் வரை கொதித்தது. திரும்பி வரும்வரை வெயிலில் நின்றே பிடித்தேன்.

"ஆத்துக்குள்ள எண்டு சொன்ன நீதானே?"

"சொன்னநான்தான் ஐயா. ஆத்து மீனும் 'ஓம்' எண்டு சொன்னா நான் என்னத்துக்குக் கடலுக்குப் போறன்?"

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர் எஞ்சினைச் சாய்த்து, அந்த ஒட்டின் மேல் பெருவிரலை வைத்துக் காட்டினார். "ஒவ்வொரு நாளும் போக முன்ன இவடத்தத் தடவிப் பாக்கிறநான். வெடிப்பு விழுந்தா உடனே தெரியும். நீங்க பெயின்ற் அடிக்காம விட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

நானும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். நன்றி சொல்கிறாரா, என்னை ஆறுதல்படுத்துகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

விசிறியை விற்ற கடைக்காரர் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு ஒரு முகமாவது இருக்கிறது. முறியக்கூடியது என்று தெரிந்தே அதைப் பூட்டிக்கொண்டு ஒரு மனிதர் கடலுக்குப் போக வேண்டியிருக்கிறதே, அந்தக் கோபத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல், அவர் படகு முகத்துவாரத்துக்குள் திரும்பும்வரை காலைத் தேநீர்கூடக் குடிக்காமல் இன்றும் கரையில் நிற்கிறேன்.