விருது விழாவுக்கு மறுநாள் ஜெயக்கொடி

செவ்வாய்க்கிழமை காலை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம் பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஜெயக்கொடியின் படம் ஒன்று, அதன் கீழே இரண்டு வரி. சிறுநீரகக் கோளாறால் சில மாதங்களாகவே அவர் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் படத்தைப் பார்த்தவுடன் பிறந்தநாள் வாழ்த்து என்றுதான் நினைத்தேன். படத்தில் அவர் நீலச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தார். காலமானார் என்று வாசித்த பிறகு மறுபடியும் பெயரைச் சரிபார்த்தேன். அவருக்கு ஐம்பத்தாறு வயது.

சினிமா இணைப்பில் நேயர் பக்கத்தை அவர்தான் பன்னிரண்டு வருடம் பார்த்தார். தொலைக்காட்சியில் விருது விழா ஒளிபரப்பானால், மறுநாள் காலை ஒன்பது மணிக்கே அவர் மேசையில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிடும். யாருக்கு விருது கொடுத்தது தப்பு, எந்த நடிகையின் புடவை எடுப்பாக இல்லை, தொகுப்பாளர் எங்கெல்லாம் அசடு வழிந்தார் என்று மதுரையும் சுற்றுப்பட்டு ஊர்களும் அவரிடம் கொட்டித் தீர்க்கும். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேசுகிறவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவார். அதைப் பக்கத்துக்கு ஏற்றபடி திருத்துவதும் தலைப்பு வைப்பதும் என் வேலை. நான் கொஞ்சம் அதிகமாகத் திருத்திவிட்டால், தாளைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். "அண்ணே, இவுக இப்புடிப் பேசல" என்பார். வேறு விளக்கம் இருக்காது.

கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "முழுசாப் பாத்தீங்களா?" என்பதுதான். ஒருமுறை வாடிப்பட்டியிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு, சிறந்த நடிகர் விருதைத் தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கத்தினார். விருது வாங்கியவர் நடித்த படத்தைப் பார்த்தீர்களா என்று ஜெயக்கொடி கேட்டார். பார்க்கவில்லையாம். பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து அந்த மனிதர் நிஜமாகவே கூப்பிட்டார். "பாத்தேம்மா. அவன் நல்லாத்தான் நடிச்சிருக்கான். ஆனாலும் எங்காளுக்குத்தான் குடுத்திருக்கணும்." கடைசி வரி மட்டும் போதுமே என்று நான் சொன்னேன். "ரெண்டையும்தானண்ணே சொன்னாரு" என்றார் ஜெயக்கொடி. இரண்டும் அச்சாகின.

இவையெல்லாம் உங்களுக்கும் தெரிந்தவைதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. அதில் பாதிதான் உங்களில் பலருக்குத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முந்தைய விழா அது. எழுமலையில் படமெடுக்கப் போனவர்கள், அங்கே களையெடுத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் என்ற அம்மாவைக் கதாநாயகனின் தாயாக நடிக்கவைத்திருந்தார்கள். அவருக்குத் துணை நடிகை விருது கிடைத்தது. மேடையில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கியவர், முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது ஒரு பெரிய நடிகரின் இடம். அவர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். இந்த அம்மா எழுந்திருக்கவில்லை. தொகுப்பாளர் அதை வைத்து ஒரு கேலி பண்ண, அரங்கமே சிரித்தது. கேமரா அந்த அம்மாவின் முகத்தை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் தொலைபேசியில் வேறு பேச்சே கிடையாது. "அந்தம்மாவுக்கு விருதுக்குப் பதிலா ஒரு நாற்காலியக் குடுத்து அனுப்பியிருக்கலாம்" என்றார் ஒருவர். எழுதும்போதே ஜெயக்கொடி சிரித்துவிட்டார். வாசித்து நானும் சிரித்தேன். அதையே பெரிய எழுத்தில் தலைப்பாக வைத்து, பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்த படத்தையும் பக்கத்தில் போட்டேன்.

இணைப்பு வெளியான இரண்டாம் நாள் அவருடைய மகள் கூப்பிட்டார். டீக்கடையில் யாரோ சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மா வேலைக்குப் போகவில்லை என்றார். அந்தப் பெண் திட்டவில்லை. "எங்கம்மா ஏன் எந்திரிக்கலன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்று மட்டும் கேட்டாராம். ஜெயக்கொடி ரிசீவரை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து, நாளைக்கு எழுமலைக்குப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார்.

உசிலம்பட்டியில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். பஞ்சவர்ணம் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பாய் போடச் சொன்னார். அவரே சொன்னார்: "கீழ எறங்குனதும் காலியா இருக்க சேர்ல உக்காருங்க, நாங்க வந்து கூப்புடுற வரைக்கும் எந்திரிக்காதீகன்னு விழாவுல நின்ன ஒரு பிள்ள சொல்லுச்சு. அதான் நான் எந்திரிக்கல."

"எழுதுனது நான்தான்க்கா. எழுதுறப்ப சிரிச்சேன்" என்றார் ஜெயக்கொடி.

பஞ்சவர்ணம் கையிலிருந்த மொச்சையை உரித்துப் போட்டார். பிறகு, "படம் பாத்தியா தாயி?" என்று கேட்டார்.

ஜெயக்கொடி பாயிலிருந்து நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாக்கலக்கா" என்றார். நானும் பார்த்திருக்கவில்லை.

மகள் செல்போனில் படத்தைப் போட்டு, ஒரு செம்பில் சாய்த்து வைத்தார். நாலு பேரும் தலையை நெருக்கிக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தோம். மகன் பிணத்தின் முன்னால் தாய் நிற்கும் காட்சி வந்தபோது, "இந்த எடத்துல திரும்பத் திரும்ப அழுகச் சொன்னாக. கடைசியில எனக்குக் கோவம் வந்துருச்சு. அம்புட்டையும் விட்டுட்டு அந்தக் கோவத்த வச்சிருக்காக" என்றார் பஞ்சவர்ணம். ஜெயக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைப்பு யார் வைத்தது என்ற பேச்சு வரவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் நான்தான் கேட்டேன், என்னைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று. "அது நீங்க சொல்றதுண்ணே. நான் சொன்னா கோள் மூட்டுன மாதிரி ஆயிரும்" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

வருத்தம் தெரிவித்து நாலு வரி போடலாமா என்று ஜெயக்கொடி பொறுப்பாசிரியரிடம் கேட்டார். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது, விடுங்கள் என்றார் அவர். ஜெயக்கொடி மேசைக்கு வந்து குறிப்பு நோட்டை எடுத்தார். அந்த வாரம் சிரித்த நேயர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அந்த அம்மா ஏன் எழுந்திருக்கவில்லை என்பதைச் சொல்லி, இப்போது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். சிலர் வைத்துவிட்டார்கள். சிலர் தெரியாமல் பேசிவிட்டோம் என்றார்கள். ஒரு பெண் தன் கல்யாண ஆல்பத்துக்குப் போட்டோ எடுத்தபோது தானும் இப்படித்தான் சொன்ன இடத்தை விட்டு அசையாமல் நின்றதாகச் சொன்னார். நாற்காலி என்று சொன்னவர், "சும்மா சிரிக்கத்தானம்மா சொன்னேன். அதுக்கு இம்புட்டா?" என்றார். அதையும் ஜெயக்கொடி எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரப் பக்கம் முழுக்க அந்தப் பேச்சுதான். முதலாவதாக இருந்தது இது: 'ஜெயக்கொடி, அனுப்பானடி: விழாவைப் பார்த்துச் சிரித்தேன். படத்தைப் பார்க்காமலே சிரித்தேன்.' பக்கத்தை முடித்து அனுப்பியவன் நான். அந்த வரிகளை எடுக்காமல் விட்டேன், அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அச்சில் பார்த்த பிறகுதான் பொறுப்பாசிரியர் கவனித்தார். ஒரு மாதத்துக்குள் ஜெயக்கொடியை வரி விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலையை விடும்வரை அவர் அங்கேதான் இருந்தார். வீடு வாடகைக்கு, மணமகள் தேவை என்று கொடுக்க வருகிறவர்களிடமும் ஒவ்வொரு சொல்லையும் வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்பார். என்னோடு எப்போதும்போலப் பேசினார். கேன்டீனில் எனக்கும் சேர்த்தே டீ சொல்வார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அனுப்பானடியில் அவர் வீட்டுக்குப் போனபோது, பந்தலில் பெண்கள் பக்கம் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தார். மகளோடு பஸ் ஏறி வந்திருந்தார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இருவரும் போனில் பேசிக்கொள்வார்களாம். அது எனக்குத் தெரியாது. உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு, கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய், அந்தத் தலைப்பை வைத்தவன் நான் என்று சொன்னேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கூடவே ஒக்காந்து படம் பாத்தியேய்யா. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். பிறகு உசிலம்பட்டி பஸ்ஸுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போக எங்கே ஏற வேண்டும் என்று விசாரித்தார். கூடப் போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன்.

எழுமலையிலும் சரி, பொறுப்பாசிரியரின் அறையிலும் சரி, இடமாற்ற உத்தரவு வந்த அன்றும் சரி, ஜெயக்கொடி என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், பழி என் பக்கமும் வந்திருக்கும். சொல்லவில்லை. எனக்காக மறைக்கிறார் என்று இத்தனை வருடமும் நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டேன். நான் பேச வேண்டியதை அவர் எனக்கென்று விட்டுவைத்திருந்தார். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோரிடமும் அதை இன்று சொல்லிவிட்டேன்.