கிட்டார் கேட்டால் போதும்

தலவாக்கலையில் எங்கள் ராக் குழு ஒத்திகை பார்க்கும் அறைக்குள் நுழைந்தேன். மூன்று பேர் போனபின் எங்கள் குழுவுக்கு வந்த நான்காவது டிரம்ஸ்காரன் தினேஷ், முன்பின் தெரியாத ஒருவனுக்கு எங்கள் பாட்டின் தாளத்தை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கதவருகிலேயே நின்றேன்.

எனக்குப் பத்து வயதில், அண்ணனின் குழு ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்தின் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் வாசிக்கும். டிரம்ஸுக்கு மூன்று பேர் மாறினார்கள். பாடியவரும் கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். அடுத்தது அண்ணனோ என்ற பயத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசலில் நின்று, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். அண்ணனின் கிட்டார் கேட்ட பிறகுதான் தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

அந்த நாட்களில் அண்ணன் பக்கத்து லயத்துச் செல்வத்துக்குக் கிட்டார் பழக்கினான்.

"எதுக்குண்ணே?" என்றேன்.

"சும்மாதான் பாப்பா."

ஒரு ஞாயிறு கிட்டார் நன்றாகவே கேட்டது. சந்தோஷத்தில் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கிட்டார் செல்வத்தின் கழுத்தில் தொங்கியது. நான் அழுவேன் என்று எனக்குச் சொல்லாமல், விடியும் முன்பே அண்ணன் வேலைக்கென்று ரயிலேற நானுஓயா ஸ்டேஷனுக்குப் போயிருந்தான்.

"யாரு தினேஷ் இது?" என்று ஒத்திகை அறையில் கேட்டேன்.

"கூட்டாளிதான் அக்கா. சும்மா சொல்லிக் குடுக்கிறேன்."

"எப்ப போற?"

அவன் கையில் குச்சிகள் அப்படியே நின்றுவிட்டன.