எண்ணெய் விட்ட காது

என் இடது காது சிறுவயதிலேயே சீழ் பிடித்துக் கெட்டுப்போய்விட்டது. கேட்பதெல்லாம் வலது காதில்தான். பணி ஓய்வுக்குப் பிறகு அதுவும் மங்கத் தொடங்கியதும், கிள்ளானில் இருக்கும் மகள் நச்சரித்து ஒரு காதுக் கருவி வாங்கிக் கொடுத்தாள். வேண்டவே வேண்டாம் என்று பல வருடங்கள் அவளோடு சண்டை போட்டவன் நான். அதனால்தான், கருவியை மாட்டிய சில வாரங்களில் காதுக்குள் அரிப்பு தொடங்கியபோது, கழற்றிப் போடச் சாக்குத் தேடுகிறேன் என்பாளோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

காதுத் துளையை அடைத்துக்கொண்டிருக்கும் கருவியின் ரப்பர் முனைக்குப் பின்னால், விரல் எட்டாத இடத்தில் அரித்தது. நாங்கள் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில் கடைத்தெரு வரை போய் வந்தால் உள்ளே வியர்த்து இன்னும் மோசமாகும். கருவியைக் கழற்றிச் சுண்டுவிரலால் குடைவேன். விரல் போதாமல் பஞ்சுக் குச்சி; அதுவும் போதாமல் மனைவியின் கொண்டை ஊசி.

“காதுக்குள்ள என்னங்க தேடுறீங்க? ரேடியோ ஸ்டேஷனா?” என்று கேலி செய்வாள் அவள்.

சிரித்து மழுப்பிவிடுவேன். உள்ளுக்குள் பயம். டாக்டரிடம் போய், இந்தக் காதுக்குக் கருவியே ஒத்துக்கொள்ளாது என்று அவர் சொல்லிவிட்டால்? என் அப்பா கடைசிக் காலத்தில் முழுச் செவிடராக இருந்தார். அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டே எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். இதைவிடப் பெரிய பயமும் ஒன்று இருந்தது. என் மனைவிக்கு இதயக் கோளாறு. அதற்கான சிகிச்சைக்குப் பிறகு அவள் குரல் தேய்ந்து போயிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் கூப்பிட்டால் கேட்க வேண்டியது என் ஒற்றைக் காது.

ஒரு சனிக்கிழமை அவள் கோவிலுக்குப் போயிருந்தாள். அரிப்பு தாங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் காதுக்கு எது வந்தாலும் ஒரே மருந்துதான்: நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் விடுவது. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். கரும்பலகையில் காதின் படத்தை எத்தனையோ முறை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்தேன். எண்ணெய் உள்ளே இறங்கியதும் அப்படி ஒரு சுகம். கண் சொக்கிக் கிடந்தேன். கதவருகே அவள் நிழல் தெரிந்ததும் அவசரமாகத் துடைத்துவிட்டு, எண்ணெய் ஊறிய காதிலேயே கருவியைச் சொருகிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. முனையின் சிறு துளையைக் கொண்டை ஊசியால் குத்தினேன். கருவி நின்றேவிட்டது. காதும் உள்ளே வீங்கி, தலையணையில் ஈரக் கறை படிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓடாத கருவியையே காலையில் மாட்டிக்கொண்டேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்த நேரத்தில் என்ன பேச்சு வரும் என்று தெரியும். அவள் உதடு அசையும், நான் “ம்” என்பேன். முகத்தைப் பார்த்துச் “சரி” என்பேன். அவள் சிரித்தால் சிரிப்பேன். ஒவ்வொரு தலையாட்டலுக்குப் பிறகும், எதற்குத் தலையாட்டினோமோ என்று அவள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், காலையில் பசியாறிய பிறகு, அவள் சமையலறை வாசலில் நின்று ஏதோ சொன்னாள். கை தாலிக்கொடியைப் பிடித்திருந்தது. பேசும்போது அப்படிப் பிடிப்பது அவள் வழக்கம். கோவிலுக்குப் போவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். “சரி, சரி” என்று சொல்லிவிட்டு நாளிதழைப் பிரித்தேன். அவள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு அறைக்குள் போனாள்.

சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. மகள். கேட்காது என்று எடுக்கவில்லை. பிறகு அவளிடமிருந்து ஒரு தகவல் வந்தது: “அம்மாவுக்கு மூச்சு முட்டுதாம். உங்ககிட்ட சொன்னதாவும் நீங்க சரின்னதாவும் போன்ல சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டீங்களா இல்லையா? போன எடுங்கப்பா!”

நாளிதழைப் போட்டுவிட்டு ஓடினேன். அறையில் அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. ஆம்புலன்சை அழைத்தால் மறுமுனையில் பேசுவது எனக்குக் கேட்காது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். எவ்வளவு பலமாகத் தட்டினேன் என்பது எனக்கே தெரியவில்லை. துணிக்கடை வைத்திருக்கும் பாய் பாதிச் சட்டையோடு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கார்ச் சாவியை எடுத்தார்.

பின் இருக்கையில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். மூச்சுச் சத்தம் எனக்கு வரவில்லை. சேலைத் தலைப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அது நின்றால் எனக்கு உடனே தெரியாது என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பிழைத்துவிட்டாள். கிள்ளானிலிருந்து ஓடிவந்த மகள், என்னிடம் பேசிப் பேசிப் பார்த்துவிட்டு, என் காதிலிருந்து கருவியை உருவித் தன் உள்ளங்கையில் தட்டினாள். பிறகு என் காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

“இது ஓடவே இல்லையேப்பா! எத்தன நாளா இப்படி?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கிள்ளானில் அவள் கூட்டிப்போன காது டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். கருவியை முகர்ந்து பார்த்தார். பேச்சை மகள் தாளில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். “என்னா அங்கிள், தாளிச்சிட்டீங்களா?” என்று முதல் வரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முனை துளையை இறுக்கி அடைத்ததால் ஈரம் உள்ளேயே தங்கித் தோல் அரித்திருக்கிறது. நான் குடைந்து புண்ணாக்கினேன். மேலே எண்ணெயை ஊற்றினேன். அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. புண் ஆறும் வரை கருவி கூடாது. பிறகு காற்றோட்டமுள்ள வேறு முனை போட்டுத் தருவார். தினமும் கழற்றித் துடைக்க வேண்டும், குளித்தால் காது நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும், காதுக்குள் எதையும் விடக் கூடாது. பழையபடி கேட்குமா என்று கேட்டேன். “பாப்போம் அங்கிள்” என்று தாளில் வந்தது.

புண் ஆறிக் கருவி திரும்பியது. முன்போல் இல்லை, இருந்தாலும் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த மனைவியிடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, “அன்னிக்கு நான் சொன்னது காதுல விழலையா?” என்றாள்.

“விழல.”

“நான் வேற நெனச்சேங்க. கேட்டுட்டுத்தான் பேப்பர் படிக்கிறீங்கன்னு.”

அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். கட்டிலில் மூச்சுக்குத் தவித்த நேரம் முழுக்க அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

இப்போது எது சொன்னாலும், “என்னா சொன்னேன், சொல்லுங்க பாப்போம்” என்று கேட்கிறாள். வகுப்பில் நிற்கும் பையன்போல ஒப்பிக்கிறேன்.

நேற்று பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால், எனக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கருவி காதில்தான் இருந்தது.

“கூப்பிட்டியா?”

“இல்லையே. இப்பதான் வந்தேன்” என்றாள்.

அவள் கண்களைப் பார்த்தேன். அவள் பாத்திரங்களைப் பார்த்தாள். ஈரக் கையோடு கைப்பேசியை எடுத்து மகளுக்கு எழுதினேன்: திரும்பவும் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ.