விசிறியும் பாஸ்டலும்

லண்டன் ஓவியக் கூடமொன்றின் மங்கலான கடைசி அறையில் நிற்கிறேன். சுவரில் பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் பாஸ்டல் எனும் வண்ணச்சுண்ணப் படங்கள், தகட்டில் செதுக்கி எடுத்த அச்சுப்படங்கள், பட்டு விசிறியில் தீட்டிய ஒரு நடனக் காட்சி. இக்கூடத்தின் நூலகத்துக்கு அளிக்க, அவர்களைப் பற்றி நான் எழுதிய பாடநூல் பையில் இருக்கிறது.

காவலரின் சட்டையில் தமிழ்ப் பெயர். “இவை எண்ணெய்ப் படங்களுக்கான வெறும் முன்வரைவுகள்தாமே?” என்கிறேன்.

“இல்லை ஐயா. இந்த ஓவியர்மாரின்ர முதல் கண்காட்சியிலேயே பாஸ்டல், அச்சுப்படம் எல்லாம் எண்ணெய்ப் படங்களோட சேர்ந்துதான் தொங்கினது. யாழ்ப்பாணத்தில ஒரு இந்தியப் புத்தகம் படிச்சனான். எண்ணெய் வண்ணத்தைத் தவிர அவையள் வேற ஒண்டையும் காட்சிக்கு வைக்கேல்லையாம்!” சிரிக்கிறார். “எழுதின மனுசன் ஒரு படத்தையும் நேரில கண்டிருக்கமாட்டார்.”

அந்த வாக்கியம் என்னுடையது. ஐந்து பதிப்புகளிலும் நிற்கிறது. எழுதும்போது எனக்குக் கிடைத்தவை ஓவியங்களின் கறுப்பு வெள்ளைப் பிரதிகள். அவற்றில் பாஸ்டலும் எண்ணெயும் ஒரே சாம்பல் நிறம். பையைத் தோளோடு அணைத்துக்கொள்கிறேன்.

“பையில என்ன ஐயா?”

“மழைக்கோட்டு.”

நூலகம் இருக்கும் பக்கம் திரும்பாமல் வெளியேறுகிறேன். வாசல்வரை மரியாதையாக வருகிறார். வெளியே நல்ல மழை.

“கோட்டைப் போடுங்கோ ஐயா” என்கிறார்.

பையைத் திறக்காமலே படியிறங்குகிறேன்.